மலை இறங்கும் வரை சைவம்

மதியத்துக்கு மேல்தான் காற்று எழும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அது விடியும்போதே வந்துவிட்டது. கனகராஜ் சைக்கிளை மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம். மணலும் பொடிக்கல்லும் முகத்தில் அறைந்தன. பாமீர் மலைகளில் மரம் என்று ஒன்று இல்லை. காற்றுக்கு ஒதுங்கப் பாறை நிழல் மட்டும் எப்போதாவது கிடைத்தது. அவருடைய ஊரான ஈப்போவைச் சுற்றியிருக்கும் மலைகள் காடு போர்த்தியவை. அங்கே காற்று மழைக்கு முன்னால் வந்து துணியைக் கொடியிலிருந்து பறித்துவிட்டுப் போய்விடும். இங்கே அது போவதேயில்லை.

அன்று இரண்டு முறை விழுந்தார். முதல் முறை காற்று தள்ளியது. இரண்டாவது முறை காற்றில்லை, கண் இருட்டியது.

ஈப்போவின் ஜெலாப்பாங் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கனகராஜ். ஐம்பதை நெருங்கும் வயது. வார இறுதிகளில் நண்பர்களோடு கேமரன் மலைக்கு சைக்கிளில் ஏறி இறங்குவார். இந்தப் பயணமும் கூட்டமாகப் போவதற்காகப் போட்ட திட்டம்தான். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாகக் கழன்றவன் உணவகம் வைத்திருக்கும் தௌஃபிக். "மச்சான், கடைய யாருலா பாக்குறது?" என்றான். கனகராஜ் தனியாகப் புறப்பட்டார். வழியில் எந்த வண்டியிலும் ஏறாமல் கணவாயைக் கடக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

மனைவி குமுதா ஒரு நிபந்தனை போட்டாள். பீடோர் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டாலும் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. அங்கே கூட்டிப்போய் அவர் கையில் மஞ்சள் காப்பு கட்ட வைத்தாள். "மலை இறங்குற வரைக்கும் கறி மச்சம் தொடமாட்டாரு தாயே. முழுசா கொண்டாந்து விட்டுடு" என்று வாய்விட்டு வேண்டினாள். அவரும் தலையாட்டினார். ஈப்போவில் சைவம் இருப்பது ஒரு விஷயமே இல்லை. தெருவுக்கு ஒரு வாழையிலைக் கடை, சீனர்களின் சைவக் கடை வேறு. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

கணவாய்க்கு இந்தப் பக்கம் கடைசி ஊரில் தங்க இடம் கொடுத்த குல்நாரா என்ற பெண், ஆட்டுக்கறி சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கையிலிருந்த கயிற்றைக் காட்டித் தலையசைத்தார். ரொட்டியும் உப்பு போட்ட பால் டீயும் போதும் என்று சைகை செய்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்ற லோரியைக் காட்டி, நாளைக் காலை அது கணவாயைத் தாண்டிப் போகும் என்று கையை மலைமேல் ஓட்டிக் காட்டினாள்.

அந்த ஜன்னலருகே மட்டும் கைப்பேசிக்கு அலை கிடைத்தது. குமுதாவை வீடியோவில் அழைத்தார்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்பிடி ஒட்டிப் போச்சு? சாப்பிட்டீங்களா?"

"ரொட்டியும் டீயும்."

"நேத்தும் அதான சொன்னீங்க."

"நாளைக்குக் கேளு, அப்பவும் அதான் சொல்லுவேன்."

"உருளக்கெழங்குகூடவா இல்ல?"

"அதையும் ஆட்டுக் கொழுப்புலதான் பொரிக்கிறாங்க. கொண்டாந்த மேகியும் முடிஞ்சிருச்சு."

இரண்டு முறை விழுந்ததையும், காலையில் லோரி ஒன்று கணவாயைத் தாண்டிப் போவதையும் சொன்னார்.

"அப்ப லோரியில ஏறிருங்க."

"லோரியில போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"நான் என்ன செய்யட்டும்? சாமி முன்னால சொல்லிட்டேன். ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"கறி தின்னா ஆகுமா, தின்னாட்டி ஆகுமான்னு எனக்கே தெரியல குமுதா."

அவள் தோட்டத்துக் கோயில் பூசாரி பிச்சைமுத்துவையும் அழைப்பில் சேர்த்தாள். பகலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் அவர். அப்போதுதான் குளித்திருந்தார், தலையில் துண்டு.

"கனகு, ஒரு சைவக் கடைகூடவா இல்ல?"

"அண்ணே, கடையே இல்ல."

பூசாரி துண்டால் காதைத் துடைத்தார். "காப்பு கட்டுறப்ப மலைன்னுதான்லா சொன்னீங்க. நான் கேமரன் பக்கம்னு நெனச்சிட்டேன்."

"சைக்கிள்ல கட்டிறட்டுமா அண்ணே? அது எண்ணெய் மட்டுந்தான் குடிக்கும்."

"வெளையாடாத. வேண்டுதல் முடியாம காப்ப அவுத்துப் போட முடியாது. யாராச்சும் எடுத்துக்கணும். வீட்டு ஆளா இருக்கணும்."

"நான் எடுத்துக்கிறேன்" என்றாள் குமுதா.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா மகள் தினேஸ்வரிக்குக் கல்யாண விருந்து. சொந்தத்தில் எந்த விருந்தானாலும் ஆட்டுக்கறிப் பிரட்டல் குமுதாவின் கையில்தான். அதை வேறொருத்தி கிண்ட அவள் ஒருநாளும் விட்டதில்லை.

"சமைக்கலாமா அண்ணே? வாயில வைக்கமாட்டேன்."

"சட்டிய தொடவே கூடாதும்மா."

"செரி. நான் சோறு வடிக்கிறேன்."

"நான் லோரியில போனா ஒனக்கு இந்தக் கஷ்டமே இல்ல" என்றார் கனகராஜ்.

"போறீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். வெளியே தகரக் கூரை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"தெரியும். காப்ப அவுத்துருங்க" என்றாள்.

பூசாரி சொன்னபடி கனகராஜ் கிழக்கு பார்த்து உட்கார்ந்து பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தார். திரையின் மறுபக்கம் குமுதாவும் ஒரு நுனியைப் பல்லில் பிடித்தபடி புது மஞ்சள் கயிறு ஒன்றைத் தன் கையில் கட்டிக்கொண்டிருந்தாள். அலை போய்விட்டது. சூப் ஆறி மேலே கொழுப்பு உறைந்திருந்தது. குல்நாரா அதைத் திரும்பச் சூடாக்கித் தந்தாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. சூடு மட்டும் வயிற்றுக்குள் இறங்குவது தெரிந்தது. எலும்பையும் விடாமல் உறிஞ்சித் தின்றார்.

காலையில் ஏற்றத்தில் அந்த லோரி பின்னாலிருந்து வந்து வேகம் குறைத்தது. ஓட்டுநர் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் காட்டினார். கனகராஜ் கையை அசைத்து அனுப்பிவிட்டார். அனுப்பியதற்குக் கொஞ்ச தூரத்திலேயே வருத்தப்பட்டார். மிதித்தார், தள்ளினார், ஹேண்டில்மேல் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினார். இன்று கண் இருட்டவில்லை.

கணவாய் என்பது ஒரு வளைவும் துருப்பிடித்த பலகையும்தான். கத்த வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் மணல் புகுந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் படுத்தார். அங்கேயே கூடாரம் அடித்து நாளைவரை தூங்கினால் என்ன என்று தோன்றியது. உடம்பு வேறெதையும் கேட்கவில்லை.

மலை இறங்குற வரைக்கும் என்றுதான் குமுதா சொல்லியிருந்தாள். இனி அது அவளுடைய கணக்கில் ஓடும்; இவர் இறங்கும்வரை அவள் கறிச்சட்டியைத் தொட முடியாது. எழுந்து உட்கார்ந்தார், கையுறையைப் போட்டார். சைக்கிள் இறக்கத்தில் தானாக உருளவில்லை. எதிர்க்காற்று அதைப் பிடித்து நிறுத்தியது. கனகராஜ் கியரைக் குறைத்து, மேட்டில் ஏறுகிறவரைப் போல முதுகை வளைத்து, இறக்கத்தில் மிதிக்கத் தொடங்கினார்.