இரும்புக் கேட்டுக்குப் பின்னால் நாற்பத்தொரு வீடுகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள், "என் வீடு எங்கடி?" என்றாள். இளையவள் திரையிலிருந்த வரைபடத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். ஒட்டுக்கேட்டதோடு நிற்காமல், வீட்டுக்கு வந்து எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "திரையில் வரைபடம் மெல்ல விரிந்தபோது அதன் நீலம்..."

[வேண்டாம். நீலத்தை ரசிக்க வந்தவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளட்டும்.]

இரண்டாவது தொடக்கம்: இருவரும் அக்கா தங்கை. தங்கைக்குக் குடிநீர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. குழாயில் சாக்கடை கலந்து வருவதாக மக்கள் எழுதிக் கொடுத்த புகார்களை, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஏற்றி, இணைய வரைபடமாக்கித் தரவேண்டும். புகார் கொடுத்த ஒரு வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. விரலால் பெரிதாக்கலாம், நகர்த்தலாம். புள்ளியைத் தொட்டால் ஒரு பெட்டி திறந்து அந்த வீட்டின் கடைசிப் புகாரைக் காட்டும். சிவப்பு எங்கே நெருக்கமோ அங்கேதான் முதலில் புதுக் குழாய் பதிப்பார்கள். அக்காவின் சந்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

3

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் அக்காவை நானே தூக்கிவிட்டேன். ஆட்கள் அதிகமென்று பட்டது. தூக்கியதும் கதை கச்சிதமாகிவிட்டது, எனக்கும் திருப்தி. தங்கை செய்ததும் இதைத்தான்.

அவள் நிரலை ஓட்டும்போதெல்லாம் எச்சரிக்கைகள் வந்து குவியும். பாதிக்கு மேல் உப்புச்சப்பில்லாதவை. தொல்லை தாங்காமல் மேலே ஒரே ஒரு வரி எழுதி எல்லாவற்றின் வாயையும் அடைத்து வைத்திருந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து நேரே அலுவலகம் போய் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினாள். சிவப்பு எழுத்தில் வந்தது: நாற்பத்தொரு வரிசைகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இல்லை, அவை விடப்படும்.

அக்காவின் சந்து முழுக்க அதில் இருந்தது. கதவு எண் இல்லாத வீடுகள். முகவரி என்ற இடத்தில் "இரும்புக் கேட்டுக்குப் பின்னாடி" என்று எழுதியிருந்தார்கள். முகவரியை வைத்து இடத்தைத் தேடித் தரும் மென்பொருளுக்கு எந்தக் கேட்டையும் தெரியாது.

4

மறுநாள் தங்கை போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்று இடத்தைக் குறித்தாள். அக்கா கூடவே வந்தாள்.

"நாலு தடவை எழுதிக் குடுத்தோம். சின்னவனுக்கு ரெண்டு மாசமா வயித்தால போகுது. நீ எங்களைத் துடைச்சுப் போட்டுட்ட."

"துடைக்கலக்கா. விட்டுப்போச்சு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

[இங்கே தங்கை கண்கலங்கியதாக ஒரு வரி இருந்தது. அழித்துவிட்டேன். இன்னும் முப்பது வாசல் பாக்கி, அவளுக்கு அழ நேரமில்லை.]

5

"பழைய வரைபடத்துல கையெழுத்துப் போட்டாச்சும்மா. இப்ப மாத்தினா, குழாய் எங்க முதல்லங்கிறதே மாறிடும்" என்றார் குடிநீர் அலுவலகப் பொறியாளர்.

"மாறணும்னுதான் சார் மாத்தறேன்."

"நம்பர் இல்லாத வீடு நம்ம பதிவுல வீடே இல்ல. உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

"நல்லா ஞாபகம் இருக்கு சார்."

அவரை வில்லனாக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மனிதர் தினமும் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருகிறவர்.*

* அலுவலகக் குழாயை அவரும் நம்புவதில்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தங்கை தன் மேசைக்குப் போனாள். நாற்பத்தொரு புள்ளிகளையும் ஏற்றினாள். வரைபடத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தாள்: "முந்தைய வரைபடத்தில் இந்த வீடுகள் விடுபட்டது என் தவறு." கீழே தன் பெயரைப் போட்டாள். வெளியிடும் பொத்தானை அழுத்தினாள்.

6

முடிவு ஒன்று: பொறியாளர் மனம் மாறி... [எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.]

முடிவு இரண்டு: அவள் வேலை போகிறது. நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறீர்கள். [அந்த வசதியை உங்களுக்குத் தரமாட்டேன்.]

கதையென்றால் முடிவு வேண்டும் என்பீர்கள். அந்தச் சந்துக்கு இன்னும் முடிவு எதுவும் வரவில்லை. அவர்களுக்கு இல்லாதது உங்களுக்கு மட்டும் எதற்கு?

வரைபடம் திறந்துதான் இருக்கிறது. இரும்புக் கேட் வரை பெரிதாக்குங்கள். அதைத் தாண்டி மூன்றாவது புள்ளி அக்காவின் வீடு. தொட்டால் பெட்டி திறக்கும். உள்ளே அவள் நாலாவது தடவையாக எழுதியது அப்படியே இருக்கிறது:

"பிள்ளை குடிக்கிற தண்ணி நாறுது. வந்து பாருங்க."

யாராவது போனால்தான் மேற்கொண்டு என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும்.