கேக் வந்த வழி

வெள்ளிக்கிழமை காபி நேரத்துக்குக் கேக் வாங்கி வருவது இந்த வாரம் மேலாளர் ஸ்தூரேயின் முறை. வழக்கம்போல் மறந்துவிட்டார். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து அலுவலகத்தில் அவர் மறக்காத ஒரே வேலை, வருகிற அறிக்கையைப் படிக்காமலே ‘சரி’ பொத்தானை அழுத்துவது.

வாராவாரம் அந்த அறிக்கையை எழுதும் இல்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகத்தின் ப்ராக்ஸி சர்வ்லெட் அவள் பொறுப்பில்தான் இருந்தது. யார் எந்த இணைய முகவரியைக் கேட்டாலும், அதன் தொடக்கத்தைப் பார்த்து, உரிய இடத்துக்குப் போய்ப் பதிலை வாங்கிவந்து கொடுக்கும் தரகன் அது. ஸ்தூரே அறிக்கையைக் கேட்டால் பேக்கரியின் ஆர்டர் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டும்படி அதில் ஒரு வரி சேர்த்தாள். கடையிலேயே பெரிய கேக்கைத் தேர்ந்தெடுத்தும் வைத்தாள். அவர் ‘சரி’யை அழுத்தினால் போதும், ஆர்டரும் பில்லும் அவர் தலையில் விழும்.

சற்று நேரத்தில் ஸ்தூரே தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

“இல்வா, அறிக்கையப் பாத்துட்டேன். இந்த வாரம் ரொம்பத் தெளிவா எழுதியிருக்கே.”

“எல்லாம் நீங்க குடுக்கற ஊக்கம்தான், ஸ்தூரே,” என்றாள் இல்வா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மதியம் மர்சிபான் என்ற பச்சைநிறப் பாதாம் விழுது போர்த்திய கேக் வந்தது, பில்லோடு. பில்லில் இல்வாவின் பெயர். தரகனுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பேக்கரிக்குத் தெரியாது. கதவைத் தட்டிய தரகனைத்தான் தெரியும். சோதித்துப் பார்ப்பதற்காகத் தரகனிடம் கொடுத்த தன் பேக்கரிக் கணக்கை அவள் திரும்ப எடுக்கவே இல்லை.

ஸ்தூரே பில்லை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

“உன் பேர்தான் போட்டிருக்கு,” என்றார். “எல்லாம் சரியா இருக்கு.”