உப்புச்சப்பில்லாத வழக்கு

மருத்துவமனை மேலாளருக்கு முதுகுக்குப் பின்னால் ‘சி.ஐ.டி.’ என்று பெயர். காணாமல் போன பேனாவுக்குக்கூடக் கைரேகை தேடுகிற மனிதர். அன்று கணினி அறைக்குள் நுழைந்ததுமே, “எல்லாரோட பாஸ்வேர்டையும் காட்டும்மா” என்றார்.

அந்தப் பிரிவை ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்க்கும் பெண் எழுந்து நின்றாள்.

“பாஸ்வேர்டை நாம வச்சிக்கிறதே இல்ல சார். அதை அரைச்சு வர்ற குறியீடுதான் இருக்கு. ஹாஷ்னு பேரு. மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதுல்ல? திருடன் புகுந்தாலும் அவனுக்கு மாவுதான்.”

“அப்போ சரியான ஆள்னு எப்படித் தெரியும்?”

“அவங்க அடிக்கிறதையும் அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்ணான்னு பார்ப்போம்.”

“சரி, மாவையே காட்டு.”

திரையில் ஓடிய அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. வரவேற்பில் இருக்கும் அம்மாவுக்கும் மருந்தாளருக்கும் எழுத்து பிசகாமல் ஒரே குறியீடு.

“ஒரே பாஸ்வேர்டு! ஒண்ணு காதல், இல்லன்னா மருந்து கடத்தல்.”

“அந்தம்மா பேரன் பேத்தி எடுத்தவங்க சார்.”

“அப்போ கடத்தல்தான்!”

இருவரையும் அங்கேயே வரவழைத்தார். “என்ன பாஸ்வேர்டு, சொல்லுங்க.”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றார் மருந்தாளர்.

“சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேர் சீட்டும் கிழியும்!”

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கணினிப் பெண்ணோ திரையில் இன்னொரு வரியைப் பார்த்துவிட்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருத்துவமனையே ஒரு மாதத்துக்குச் சிரிக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது. ஆண்டவனே, என் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டாள்.

“அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில உட்காருங்க.”

கதவைச் சாத்திவிட்டு, எதையோ தட்டச்சு செய்து பார்த்துத் திரையைக் கீழே தள்ளினாள். அதே குறியீடு. பக்கத்தில், ‘மேலாளர்’.

சி.ஐ.டி.க்கு வியர்த்தது. “நான் அவங்களோட கூட்டு இல்லம்மா!”

“தெரியும் சார். பாதுகாப்புக் கூட்டத்துல நல்ல பாஸ்வேர்டுக்கு உதாரணம்னு போர்டுல ஒண்ணு எழுதினீங்களே, அதை இப்ப அரைச்சுப் பார்த்தேன். பொருந்துது. ரெண்டு பேரும் அதையே எடுத்துக்கிட்டாங்க.”

“அவசரத்துல என்னோடதையே எழுதிட்டேன். வேற எதுவும் தோணல.”

“இதுக்குத்தான் உப்பு போடணும்னு கடிதம் எழுதிக் கேட்டேன். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எழுத்து ஒரு சிட்டிகை சேர்த்து அரைக்கிறதுக்கு அப்படிப் பேரு. பாஸ்வேர்டு ஒண்ணா இருந்தாலும் மாவு ஒண்ணா வராது. நீங்க அந்தக் கடிதத்தை கேன்டீனுக்கு அனுப்பிட்டீங்க.”

“ஏற்கெனவே போடறோம்னு அவங்களும் பதில் சொன்னாங்களே!”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தார். அந்த அம்மாவுக்கு நாற்காலியையும் தானே இழுத்துப் போட்டார்.

“உட்காருங்கம்மா. யார் சீட்டும் கிழியாது. மூணு பேரும் பாஸ்வேர்டை மாத்திட்டா போதும்.”

“மூணாவது யாரு சார்?”

கணினிப் பெண் காப்பாற்றிக் கொடுத்த மானம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் சி.ஐ.டி. தன் பணிக்காலத்தில் முதன்முறையாக ஒரு குற்றவாளியைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தார்.

“நான்தாம்மா.”