பின்சக்கரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமாம். வந்துவிட்டுப் போகட்டும். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள், எட்டு வயது மகளைத் தனி ஆளாக வளர்க்கிறவள், கோபமும் இல்லாவிட்டால் என்னைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட மாட்டார்களா? கட்டியவர், மகளுக்குப் பல் முளைப்பதற்கு முன்பே போய்விட்டார். அந்தக் கதை அவ்வளவுதான்.

ஆறு வருஷமாக ஒரு பெரிய கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். காலை பத்து மணி முதல் இரவு ஏழு வரை வேலை. மகளை வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளி மூன்று மணிக்கு விட்டதும், நான் வரும்வரை அங்கேயே ஓர் அறையில் ஆயாவோடு இருப்பாள். அடுத்த மாதத்திலிருந்து அந்த அறையை மூடப்போகிறோம் என்று ஒரு சீட்டு வந்தது. எனக்குத் தலை சுற்றிவிட்டது.

ஏனென்றால், முன்பு ஒருநாள் ஆயா வராததால் வாயாடி வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். நான் வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பயந்துவிட்டாயா என்று கேட்டேன். "இல்லம்மா. நீ வர்ற சத்தம் கேக்கணும்ல, அதான்" என்றாள். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கிடங்கில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் காலை ஏழுக்கு ஏறி இரண்டரைக்கு இறங்கிவிடுவார்கள். அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலையில் எதிர்வீட்டு அக்கா வேலைக்குப் போகும் வழியில் தன் பிள்ளைகளோடு வாயாடியையும் பள்ளிக்குக் கூட்டிப்போவாள். மாலையை நான் பார்த்துக்கொள்ளலாம். மனு கொடுக்கப் போனேன்.

சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்பதாங்கிளாஸா? ஃபோர்க்லிஃப்ட் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"ஆறு வருஷமா அதுக்கு ஒதுங்கி வழி விடறேன் சார். என்னைவிட வேற யாருக்குத் தெரியும்?"

மதிய இடைவேளையில் பழைய வண்டி ஒன்றில் பழகிக்கொள்ளச் சொன்னார். முதல் நாளே மானம் கப்பலேறியது. கார் முன்சக்கரத்தால் திரும்பும். இந்தச் சனியன் பின்சக்கரத்தால் திரும்புகிறது. நான் முன்னால் பார்த்துப் பதவிசாக ஓட்டிக்கொண்டிருக்க, வண்டியின் பின்பக்கம் ஒரு வீச்சு வீசி அடுக்கில் இடித்தது. இருபத்துநான்கு ஷாம்பூ பாட்டில்கள் உடைந்து தரையெல்லாம் நுரை.

"குளிச்சு முடிச்சாச்சா?" என்றார் சூப்பர்வைசர். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வாயாடியும் சிரித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய பழைய தள்ளுவண்டியை இழுத்துப் போட்டாள். குழந்தையாக இருந்தபோது அவளை வைத்துத் தள்ளியது. அதில் முன்சக்கரம் மட்டும்தான் எல்லாப் பக்கமும் சுழலும்.

"திருப்பிப் பிடிம்மா. அப்ப சுத்துற சக்கரம் பின்னாடி வந்துடும்ல?"

எனக்கு உறைத்தது. பெற்றதும் பெற்றேன், நல்ல மூளைக்காரியாகப் பெற்றிருக்கிறேன்! அவள் சம்மணம் போட்டு ஏறிக்கொண்டாள், இரண்டு கையிலும் இரண்டு கரண்டியை முன்னால் நீட்டிக்கொண்டு. அதுதான் சரக்குத் தூக்கும் கொம்பு. சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு, படுக்கையறையிலிருந்து வாசலுக்கு. திரும்பும்போதெல்லாம் சம்மணம் கலைந்து, அவள் பாதம் வெளியே நீண்டு கதவு நிலையில் இடிக்கப் பார்க்கும். "கால உள்ள வை, கண்ணு!" என்று கத்துவேன். மூன்று வாரத்தில் ஆயிரம் தடவையாவது கத்தியிருப்பேன். கிடங்கிலும் என் வண்டி இடிப்பதை நிறுத்தியது.

தேர்வு நாள் வந்தது. பரீட்சை வைக்க வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நரைத்த மீசை, கையில் அட்டை, சிரிப்பதற்குக் காசு கேட்பவர் மாதிரி ஒரு முகம். எட்டு நிமிடத்துக்குள் நான்கு அடுக்குச் சரக்கை இடம் மாற்ற வேண்டும். அதே இடத்துக்கு மனு கொடுத்த மூன்று பேர் எனக்கு முன்னால் சிட்டாய் ஓட்டி முடித்தார்கள்.

மூன்று அடுக்கை முடித்து நான்காவதற்குத் திரும்பப் போனேன். ஷாம்பூ உடைத்த நாளிலிருந்து வந்த பழக்க தோஷம், திரும்புமுன் பின்னால் பார்த்தேன். அவர் என் கையைக் கவனிப்பதற்காக ஆட்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டி வண்டியை ஒட்டி வந்து நின்றிருந்தார். அவருடைய கறுப்பு ஷூ பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

பிரேக்கை மிதித்தேன். வாயும் சும்மா இருக்கவில்லை.

"கால உள்ள வை, கண்ணு!"

என் அப்பா வயதுக்காரர் அவர். பெட்டி கட்டும் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. அவர் முகம் சிவந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். அவர் முழுதாகப் போய் நிற்கும்வரை நான் வண்டியை நகர்த்தவில்லை.

முடித்தபோது சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார். "ஒன்பது நிமிஷம். அவ்வளவுதான்மா, போச்சு."

"நிமிஷம் போனா போகட்டும் சார். அவர் கால் போயிருந்தா?" என்றேன். குரல் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் கதவோரம் செருப்போடு உட்கார்ந்திருக்கும் வாயாடி கண்முன் வந்தாள்.

பரீட்சைக்காரர் தொண்டையைச் செருமினார். "தப்பா நின்னது நான். அந்த ஒரு நிமிஷத்தை இவங்க தலையில கட்டக் கூடாது. மத்த மூணு பேரும் பின்னாடி திரும்பிக்கூடப் பாக்கல. இவங்களுக்கே குடுங்க." பிறகு என்னிடம், "யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"என் பொண்ணுகிட்ட சார்."

"ஓ. அவங்க எங்க ஓட்டறாங்க?"

"சமையலறையில."

அப்போதுதான் அந்த மீசை கொஞ்சம் அசைந்தது. கையெழுத்துப் போட்டார். நாளையிலிருந்து வண்டி, இன்றைக்கு இரண்டரைக்கே கிளம்புங்கள் என்று சூப்பர்வைசர் வேண்டா வெறுப்பாகச் சொன்னார்.

மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் வாசலைப் பார்த்து ஓடி வந்தார்கள். என் மகள் மட்டும் வாசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் அந்த அறையைப் பார்த்து நடந்தாள். அவளுக்காக அந்த நேரத்தில் யாரும் வந்ததே இல்லையே!

"அடியே, வாயாடி!"

திரும்பினாள். முகம் சுண்டிப்போயிற்று. மெல்ல நடந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா, ஃபெயிலா? இருந்த வேலையும் போயிடுச்சா?"

"போகலடி. பாஸ். இனிமே மூணு மணிக்கு நான்தான் வருவேன்."

"திங்கக்கிழமையுமா?"

"திங்கக்கிழமையும்."

"செவ்வாக்கிழம?"

ஐந்து நாளையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கோபக்காரி நான், ஐந்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன்.