மஞ்சள் வரிகள்

வெர்னா காங்காஸ் மாவட்டப் பள்ளிகளின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள். இருபது வருடப் பழக்கத்தில், மனிதர்கள் சொல்வதைவிட இயந்திரங்கள் சொல்வதைத்தான் அதிகம் நம்புவாள். மினசோட்டாவின் வடகோடியில், ஹேசல் ஏரியின் கிழக்கு மூலைத் தீவில் ஒரு பெட்டியைப் பைன் மரத்தில் கட்டிவைத்ததும் அவள்தான். உள்ளே குட்டிக் கணினி, மைக், பேட்டரி; மேலே சூரியத் தகடு. பேட்டரி தீராமலிருக்க அது நாள் முழுக்கத் தூங்கும். விடியற்காலை நாலரைக்கு விழித்து, ஒரு மணி நேரம் ஏரியைக் கேட்டுப் பதிந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

அது கேட்க வேண்டியது, விடியலில் கூவும் லூன் என்ற நீர்ப்பறவையின் குரலை. அந்த மூலையில் கூடு கட்டிவந்த ஜோடி மூன்று வசந்தமாக யார் கண்ணிலும் படவில்லை. பறவையே இல்லாத மூலையில் படகுகள் எதற்கு ஊர்ந்து போக வேண்டும், வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம் என்று ஏரிச் சங்கத்தில் பேச்சு. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரே ஒரு கூவலைக் காட்டினால் கட்டுப்பாடு நீடிக்கும். அந்தக் குரல் இனி இல்லை என்று ஒப்புக்கொள்ள வெர்னாவுக்கு மனமில்லை.

ஐந்து வாரப் பதிவுகளிலும் மோட்டார் இரைச்சல்தான் இருந்தது. எல்லாவற்றின் தலையிலும் நாலரை மணி என்று போட்டிருந்தது. தூண்டில்காரர்களை ஏரிக்கு அழைத்துப்போகும் ரோலண்ட் விக்ஸெயின் படகு அது, சத்தத்திலேயே தெரியும். அவன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

"நாலரைக்கு நான் போர்வைக்குள்ள இருப்பேன், வெர்னா. வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளு," என்றான் அவன். அவள் நம்பவில்லை. இயந்திரம் பொய் சொல்லுமா?

வியாழக்கிழமை மதியம், கண்ணை மூடிக்கொண்டு பழைய பதிவு ஒன்றைக் கேட்டபடி கிடந்தாள். தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் அவளை எங்கோ இழுத்துப் போனது. நடுவில் தபால் படகின் ஹார்ன் கேட்டது. தபால் படகு ஒன்பது மணிக்குமேல்தான் அந்தப் பக்கம் வரும். வெர்னா எழுந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டி தன் நடப்பையெல்லாம் வரி வரியாக ஒரு லாகில் எழுதி வைக்கும். பிழை என்றால் சிவப்பு, எச்சரிக்கை என்றால் மஞ்சள். மஞ்சளை அவள் தொழிலில் யாரும் படிப்பதில்லை. எந்தக் கணினியைத் திறந்தாலும், அதன் பலகையிலேயே பதித்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைப் பற்றி நூறு புலம்பல் இருக்கும். ஆனாலும் எல்லாம் ஓடும். அதனால் மஞ்சளை மறைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் பார்ப்பார்கள். வெர்னாவும் மறைத்திருந்தாள். என் லாக் எவ்வளவு சுத்தம் பார் என்று பீற்றிக்கொண்டும் இருந்தாள்.

இப்போது மறைப்பை நீக்கினாள். தூக்கத்தில் உளறுகிற குழந்தையைப் போல மஞ்சள் வரிகள் கொட்டின. தினமும் ஒரே உளறல்: எழுப்பு மணியை ஃபர்ம்வேர் ஏற்கவில்லை, எழுப்பியது சூரியத் தகடு, நேரம் 9:07. அடுத்த நாள் 9:05. பைன் மரங்களுக்கு மேலே வெயில் ஏறித் தகட்டைத் தொட்ட பிறகுதான் அது விழித்திருக்கிறது. விழித்ததும், விட்டுப்போன நாலரை மணி வேலையை எடுத்துச் செய்து, அதே நேரத்தைத் தலைப்பாகப் போட்டிருக்கிறது. ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, வாயை அடைத்தது நான்தான் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

புது ஃபர்ம்வேருக்கு வழியில்லை. செய்த கம்பெனியே மூடியாயிற்று. ஒரே வழி, அதைத் தூங்கவே விடாமல் வைப்பது. அப்படி வைத்தால் பேட்டரி ஒரு ராத்திரிதான் தாங்கும். வெள்ளி மாலை துடுப்புப் படகில் தீவுக்குப் போய், அதன் தூக்க ஏற்பாட்டை நிறுத்தினாள். தன் காதாலும் கேட்டுவிட வேண்டும் என்று, ஃபிளாஸ்க் காப்பியோடு மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பனிமூட்டம் ஏரியை மெல்ல அழித்துக்கொண்டே வந்தது. படகு போயிற்று, பிறகு கரை, பிறகு அவள் கால்கள். மஞ்சள் வரிகள் தண்ணீர்மேல் மிதந்து வந்து ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ ரொம்ப தூரத்திலிருந்து அவளிடம் ஏதோ கேட்டார்கள். பதில் தெரியும் போல இருந்தது, வாயில் வரவில்லை.

கண் திறந்தபோது மணி எட்டு. கூட்டம் ஒன்பதுக்கு. என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்கக்கூட நேரமில்லாமல், பெட்டியை அவிழ்த்துக்கொண்டு துடுப்புப் போட்டாள்.

சங்கக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். திரையில் ஒலிக்கோடு முதலில் எகிறிய இடத்தை அழுத்தினாள். வந்தது குறட்டை. அவளுடையதுதான். கூடமே சிரித்தது. அடுத்த இடத்திலும் அதே குறட்டை. முகம் எரிய மூன்றாவதை அழுத்தினாள். குறட்டையின் நடுவே, பனிக்குள்ளிருந்து, நீளமாக, தனியாக, அந்தக் கூவல் எழுந்தது. இன்னும் தூரத்திலிருந்து ஒன்று அதற்குப் பதில் சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. மூன்று வருடம் காத்திருந்த குரலை ஊரோடு சேர்ந்துதான் அவளும் முதல்முறை கேட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

கட்டுப்பாடு நீடிக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. ரோலண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"இவ்வளவு குறட்டைக்கும் அது பயந்து ஓடல," என்றான் மெதுவாக. "அப்ப இத்தனை நாள் நான் அங்க ஓட்டின வேகத்துக்குத்தான் ஓடியிருக்கு."

பிறகு அவனும் கையைத் தூக்கினான்.