வெள்ளிக் குமிழில் ஒரு சிவப்பு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள், எனக்கு இந்த இடம் போதும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கழுத்தின் கதை சொல்லப்போகிறேன். பயப்பட வேண்டாம், யார் கழுத்தையும் யாரும் அறுக்கிற கதை இல்லை. ஒரு கழுத்து, அதைச் சுற்றி ஒரு வெள்ளை விரிப்பு, விரிப்பில் ஒரு ஓட்டை. கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்து விடத் தோன்றும்.

அந்த வீட்டில் மூன்றே பேர். அண்ணன் வெள்ளி வேலைக்காரர். தனியாகப் பட்டறை கிடையாது. முன்னறையில் ஒரு மேசை, ஒரு சுத்தி, குழி விழுந்த ஒரு மரக்கட்டை. தகட்டை அந்தக் குழியில் வைத்துத் தட்டித் தட்டி, பாதி எலுமிச்சம்பழம் மாதிரி உப்ப வைப்பார். அதற்குக் குமிழ்ப் பதக்கம் என்று பெயர் வைத்திருந்தார். அண்ணி அதையெல்லாம் போனில் படம் எடுத்து ஆன்லைனில் போட்டு விற்பாள். மூன்றாவது ஆள் அண்ணனின் தங்கை. தாயும் தகப்பனும் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து கல்லூரியில் வேதியியல் படிக்க வைத்தது வரை எல்லாம் அண்ணன்தான். பாப்பா என்றுதான் கூப்பிடுவார், இருபத்து மூன்று வயதிலும்.

நகையைப் படம் எடுப்பது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மெருகேறிய உப்பலான வெள்ளி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. எதிரே என்ன இருந்தாலும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். முதலில் எடுத்த படங்களில் பதக்கத்துக்குள் சன்னல் கம்பி தெரிந்தது, அண்ணியின் கொண்டை தெரிந்தது, கொடியில் காய்ந்த பாவாடையும் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளர், "பதக்கம் வாங்கினா பாவாடையும் சேர்ந்து வருமா?" என்று எழுதிக் கேட்டார்.

அன்றைக்கே அண்ணி ஒரு கூடாரம் கட்டினாள். நாலு குழாயை நிறுத்தி, படுக்கை விரிப்பை இரட்டையாக மடித்து நாலு பக்கமும் தொங்கவிட்டு, மேலேயும் மூடி, முன்பக்கத்தில் போனின் கண் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டினாள். உள்ளே ஒரு முக்காலி. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை சன்னல் வெயில் அந்த விரிப்பின் வழியே பால் மாதிரி இறங்கும். சுற்றிலும் வெள்ளை என்பதால் வெள்ளிக்குள்ளும் வெள்ளைதான் தெரியும். பதக்கம் நிலா மாதிரி வந்தது.

அந்த முக்காலியில் உட்கார்ந்த கழுத்து தங்கையுடையது. முகம் படத்தில் வராது. தாடைக்குக் கீழே, தோளுக்கு மேலே, அவ்வளவுதான். இடது காறை எலும்புக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மச்சம் இருந்தது. அது எப்படியோ வாடிக்கையாளர்களுக்குப் பழகிவிட்டது. ஒரு முறை அண்ணி துணிக்கடையிலிருந்து பொம்மைக் கழுத்து ஒன்று வாங்கி வந்து மாட்டிப் பார்த்தாள். "மச்சக்காரி எங்கே? அவங்க கழுத்துல போட்டுக் காட்டுங்க" என்று நாலு பேர் எழுதினார்கள். பொம்மைக் கழுத்து குளியலறையில் துண்டு தொங்கவிடப் பயன்பட்டது.

அதிலிருந்து கழுத்துக்குக் காவல் ஆரம்பித்தது. வெயிலில் போகக் கூடாது, கறுத்துவிடும். கடைக்குப் போனால் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கொசு கடித்ததற்கு இரண்டு நாள் வேலை நின்றது. அண்ணன் தானே உட்கார்ந்து சன்னலுக்கு வலை அடித்தார். மழை இல்லாத நாளிலும் தெருமுனை வரை குடையோடு வருவார். எல்லாம் பாசம்தான், கண்ணுகளா. பாசம் இல்லாமல் இருந்திருந்தால் அவள் என்றைக்கோ சண்டை போட்டிருப்பாள்.

கூடாரத்துக்குள் அவளுக்குக் கேட்பதெல்லாம் அண்ணியின் குரல்.

"தாடையைத் தூக்கு. இன்னும். ம், மூச்சைப் பிடி."

மூச்சு விட்டால் பதக்கம் ஏறி இறங்கும், படம் கலங்கிவிடும். ஒரு பதக்கத்துக்கு முப்பது நாற்பது படம்.

"அண்ணி, ஒரு நிமிஷம்..."

"பேசாதே, தொண்டை ஆடுது. இந்தக் கழுத்து மட்டும் தனியா வந்து உக்காந்துட்டுப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்."

அண்ணி கொடுமைக்காரி இல்லை. நாலு மணி நேரமும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கால் கடுக்க நிற்கிறவள். அவள் சொல்வதில் பாதி விளையாட்டுதான். ஆனால் விரிப்புக்கு உள்ளே வரும்போது விளையாட்டு வெளியே நின்றுவிடும், வார்த்தை மட்டும்தான் உள்ளே வரும்.

இப்படி இருக்கையில் தங்கைக்கு வேலை கிடைத்தது. வேறு ஊரில், தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். படிக்கும் காலத்திலிருந்தே அவள் ஆசைப்பட்ட வேலை. கடிதத்தைக் காட்டியபோது அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் குமிழ் வரிசை மட்டும் முடியட்டும் பாப்பா. பாதில மாத்தினா பாக்கறவங்களுக்கு ஒட்டாது. முடிஞ்சதும் போ."

குமிழ் வரிசை முடிந்தபோது, அதே குமிழில் இலை செதுக்கிய இலை வரிசை வந்தது. அவள் ஆய்வுக்கூடத்துக்கு எழுதி அவகாசம் கேட்டாள். பதில் எட்டாம் தேதி வந்தது. பதினாலாம் தேதி மாலைக்குள் வந்து சேர வேண்டும், இதற்கு மேல் அவகாசம் இல்லை. கீழே கொழுத்த வட்டமாக, ஓரம் பல் பல்லாக, ஒரு சிவப்பு முத்திரை.

அவள் அதை அண்ணனிடம் காட்டவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று. இரண்டாம் தடவை அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். தாடையைத் தூக்கிய பிறகு மடியில் இருப்பதைப் பார்க்க முடியாது. கண்ணுக்கு எதிரே ஓட்டைதான் தெரியும். அதனால் ஓட்டைக்குப் பக்கத்தில், விரிப்பின் உட்புறத்தில், குண்டூசியால் கடிதத்தைக் குத்தி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடிப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

பத்தாம் தேதி ஒரு வாடிக்கையாளர் எழுதினார்: "சுத்த வெள்ளின்னு சொல்றீங்க. பதக்கத்துல செம்பு தெரியுதே?"

அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உப்பலின் ஓரத்தில், கடுகளவுக்கு, சிவப்பு.

வெள்ளி வேலைக்காரரிடம் செம்பு தெரிகிறது என்று சொல்வது, நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பொய்யன் என்று சொல்வது மாதிரி. அண்ணன் பதக்கத்தை வாங்கிச் சன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இருந்தாலும் சுட வைத்து, புளிப்பு நீரில் போட்டு எடுத்து, மறுபடி மெருகு போட்டார். பதினொன்றாம் தேதி மறுபடி படம் எடுத்தார்கள். மறுபடி சிவப்பு. வேறு பதக்கம் மாற்றினார்கள். அதிலும் அதே இடத்தில்.

"உங்க வெள்ளிலதான் ஏதோ கோளாறு" என்றாள் அண்ணி.

"என் வெள்ளிலயா? உன் போனுக்குத்தான் கண்ணு வலி வந்திருக்கு."

"போனுக்குக் கண்ணு வலின்னா இவ கழுத்தும்ல சிவக்கணும்? பதக்கம் மட்டும் ஏன் சிவக்குது?"

"கையில பாத்தா பால் மாதிரி இருக்கு. அதை நீ பிடிச்சா மட்டும் செம்பாயிடுது. நான் என்ன பண்ண?"

தங்கை அந்தப் படத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டாள். கடுகுதான், ஆனால் வட்டமான கடுகு. ஓரத்தில் பல் பல்லாக இருந்தது. வெள்ளைத் தாள் வெள்ளை விரிப்போடு சேர்ந்துபோய், முத்திரை மட்டும் வெள்ளிக்குள் விழுந்திருந்தது. குண்டூசியைக் கழற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

அவள் கழற்றவில்லை.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டாம் தேதி அண்ணன் தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருக்க, மேசையில் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா ஒரு குத்தம் சொன்னதில்ல யாரும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது அவள் காதில் விழுந்தது. கழற்றினால் அண்ணனுடைய பெயர் பிழைக்கும். கழற்றினால் அந்தக் கடிதம் பெட்டிக்கு அடியில் போகும், பதினாலு போகும், அடுத்து பூ வரிசை வரும். ஒவ்வொரு முறை உள்ளே போனபோதும் விரல் ஊசி வரை போனது. பிறகு தாடையைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

பதின்மூன்றாம் தேதி, வெயில் சன்னலுக்கு ஏறிய நேரம். அண்ணன் சுத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

"பாப்பா, நீ வெளிய வா. நானே உள்ள உக்காந்து பாக்கறேன், இந்தச் சிவப்பு எங்கிருந்து வருதுன்னு."

அவள் உள்ளே எழுந்து நின்றாள். ஊசியைப் பிடுங்க அரை நொடி போதும். பிடுங்காமல் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சுவரோரமாக நின்றாள்.

அண்ணன் பதக்கத்தைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். முக்காலி கிரீச்சிட்டது. அண்ணி ஓட்டையில் போனை வைத்தாள்.

"தாடையைத் தூக்குங்க."

"தூக்கிட்டேன்."

"அது தாடி. தாடையைச் சொன்னேன்."

"அதுக்கு மேல எனக்குக் கழுத்து கிடையாது. எடு."

"மூச்சைப் பிடிங்க. ஆடாதீங்க."

அண்ணி நாலைந்து படம் தட்டினாள். பிறகு விரிப்புக்குள்ளிருந்து, திணறலாக:

"விடலாமா?"

"நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

"ஏய், உள்ள அனல் அடிக்குது. இப்படியா தினமும்?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"வெளிச்சம் இருக்கற வரைக்கும். தெரியாத மாதிரி கேக்கறீங்க."

அந்த வெள்ளைக்குள் பார்ப்பதற்கு இரண்டே பொருள்கள்தான் உண்டு. ஒன்று ஓட்டை. இன்னொன்றை அவர் அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. அண்ணி இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது, ஆனால் அவளுக்கு இல்லை.

"பாப்பா."

"என்னண்ணா."

"பதினாலுன்னா நாளைக்குதானே?"

"ஆமாண்ணா."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

தங்கை கூடாரத்தின் பக்கம் திரும்பினாள். "தாடையைத் தூக்கு, பேசாதே, மூச்சு விடாதேன்னா, எப்பண்ணா சொல்றது?"

அண்ணி போனை இறக்கினாள். இத்தனை மாதமும் மூடியே இருந்த அந்தக் கண்ணை இப்போது திறந்து, இரண்டு கண்ணாலும் நாத்தனாரைப் பார்த்தாள். போய்க் கூடாரத்தின் முன்விரிப்பைத் தூக்கினாள். அண்ணன் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார். தாடிக்குக் கீழே பதக்கம் ஏறி ஏறி இறங்கியது. மடியில் கடிதம்.

"காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

"அஞ்சரைக்கு. அதைப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

"பெட்டியை நான் அடுக்கறேன்" என்றாள் அண்ணி. "நீங்க அடுக்கினா பாதி வீட்டை உள்ள வச்சிடுவீங்க."

மறுநாள் தங்கை போனாள். துப்பட்டா ஆணியிலேயே தொங்கியது. பஸ்ஸில் சன்னல் பக்கத்து இருக்கையில் வெயில் நேராகக் கழுத்தில் விழுந்தது. டிக்கெட் கேட்டவர் இரண்டு தடவை கேட்டும் அவள் பேசவில்லை. தாடையைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று அவர் குனிந்து கேட்ட பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்து மூச்சை விட்டாள். அந்தப் பழக்கம் போக வெகு நாள் ஆயிற்று.

கடை ஓடாமல் இல்லை. இப்போது முக்காலியில் அண்ணி, போன் அண்ணன் கையில். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் விரிப்பைத் தூக்கிவிடுகிறார். மச்சக்காரி எங்கே என்று இன்னமும் எழுதுகிறார்கள். சிலர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். செம்பு என்று சொன்னவருக்கு அண்ணன் உள்ளதை உள்ளபடியே எழுதினார், அது தங்கச்சி வேலைக்குப் போகிற கடிதத்தின் முத்திரை என்று. "எல்லாரும் இப்படித்தான் கதை விடுவாங்க" என்று பதில் வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

அவ்வளவுதான் கதை. இப்போது ஒரு தடவை மூச்சை இழுத்து விடுங்கள். உங்கள் வீட்டில் யாருடைய வார்த்தையும் தொண்டையோடு நின்றுபோகாமல் இருக்கட்டும். கேட்கிற காது பக்கத்து அறையிலாவது இருக்கட்டும். புறப்படுகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புறப்படட்டும், திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கட்டும். உங்கள் சன்னல்களில் எப்போதும் காற்று வரட்டும், கண்ணுகளா.