பல்சக்கரத்துக்கு வைத்த பொட்டு

லுங்கிக் கடை அப்துல் ஹலீம் மகள் சுஃபியா, இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பல்லை அல்ல, ஒரு சக்கரத்தின் பல்லை.

கட்டை மேல் கட்டை அடுக்கி ஊரே கட்டுகிற கேம் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் இயந்திரங்களும் ஓட ஒரு கூட்டம் வழி செய்து வைத்திருந்தது. உலகத்தின் நாலு மூலையிலும் இருந்துகொண்டு சம்பளமில்லாமல் உழைக்கிற கூட்டம். அவர்களுடைய பல்சக்கரம் நாலு பலகையை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. புதிதாகச் செய்து அனுப்புங்கள், தேறினால் உங்கள் பெயர் கேமில் வரும் என்று அறிவித்திருந்தார்கள்.

சுஃபியா தன் மாமி மகள் ஃபாயிஸாவிடம் மட்டும், "என் பேரு வரப்போவுதுடி" என்றாள். ஃபாயிஸாவிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று. மறுநாளே கறிக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. இனிப் பெயர் வராவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

நிஜப் பல்லைப் பார்த்துச் செய்வோம் என்று, தெருமுக்கில் கரும்புச்சாறு விற்கும் மலையாண்டியின் மிஷினைப் போட்டோ எடுக்கப் போனாள். ஒன்றிரண்டு எடுப்பதற்குள் மலையாண்டி ஒரு சாக்கைப் போட்டுச் சக்கரத்தை மூடினார்.

"எதுக்கு தாயி போட்டா? ரோட்ட அடைச்சுக் கடை போட்டுருக்கான்னு கார்ப்பரேசனுக்கு அனுப்பவா?"

"ஐயோ, இல்லண்ணே. கேமுக்கு. ஒங்க சக்கரத்தப் பாத்து நான் ஒண்ணு செய்யணும். ஒலகம் பூரா பாப்பாங்க."

"ஒலகம் பூராவா?" சாக்கைப் பிடித்த கை இளகியது. "அப்ப இன்னைக்கு வேணாம். ஒரே கிரீசா கெடக்கு. நாளைக்கு வா."

மறுநாள் போனால், மிஷின் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. மாலை, பட்டை பட்டையாகச் சந்தனம், சக்கரத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். ஆயுதபூசைக்குக்கூட அதற்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. மலையாண்டியும் தலைசீவி, பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"பொட்டு நான்தான் வச்சேன். எடுப்பா இருக்கா?" என்றாள் அவர் மனைவி இருளாயி.

"பல்லு தெரியலயேக்கா. மாலை மறைக்குது."

"பல்லு எதுக்கு? மொகம் தெரியுதுல்ல?"

மாலையை ஒதுக்கி ஒருவழியாக எடுத்து வந்து, பல் பல்லாக இழைத்தாள் சுஃபியா. நுனியில் தேய்மானம், விளிம்பில் பளபளப்பு, இடுக்கில் சக்கை ஒட்டிய பழுப்பு. போட்டோவிலிருந்தே நிறத்தை வெட்டி ஒட்டியதில் குங்குமமும் கூடவே வந்துவிட்டது. அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டாள். ஓடவிட்டுப் பார்த்தால், பொட்டு சுற்றிச் சுற்றி வந்ததில் சக்கரம் ஓடுவது பளிச்சென்று தெரிந்தது. அனுப்பிவிட்டாள்.

பதில் வந்தது. பல் பிரமாதமாம். ஆனால் அத்தனை பல்லோடு நூறு சக்கரம் வைத்தால் கேம் திணறுகிறதாம். ஆகவே பழைய சக்கரமே இருக்கட்டும், அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், அருமையான யோசனை என்று எழுதியிருந்தார்கள். கேமில் உழைத்தவர்கள் பெயர்களுக்குக் கடைசியில், பொடி எழுத்தில் வந்தது: 'சிவப்புப் புள்ளி – சுஃபியா.'

ஃபாயிஸாவுக்குப் பெயர் போதும், விவரம் எதற்கு? மத்தியானத்துக்குள் தெருவே சுஃபியாவுக்கு வாழ்த்துச் சொல்லியது. மலையாண்டி காசு வாங்காமல் ஒரு கிளாஸ் சாறு கொடுத்து, "எங்க, நம்ம சக்கரத்தக் காட்டு" என்றார்.

போனை நீட்டினாள். பலகைச் சக்கரம் பொட்டோடு சுற்றியது.

"இது யாரு வீட்டுச் சக்கரம்? பெட்டிக்கடைப் பலகையாட்டம் இருக்கு!"

"பல்லு வேணாம்னுட்டாங்கண்ணே. பொட்டு மட்டும் போதுமாம்."

மலையாண்டியின் முகம் பிழிந்த கரும்பாகிவிட்டது. இருளாயிக்கோ முகமெல்லாம் வெளிச்சம். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பொட்டு நான் வச்சது. பேரு யாரு பேரப் போட்டுருக்கு?"

சுஃபியா சாற்றை உறிஞ்சினாள். இரண்டு மாதம் இழைத்த பல்லுக்கு ஒரு வரி இல்லை. அழிக்கச் சோம்பல்பட்ட பொட்டுக்குக் கிடைத்த வரிக்கும் இப்போது சொந்தக்காரி வந்து நிற்கிறாள்.

"என் பேரையும் போடச் சொல்லுத்தா," என்றாள் இருளாயி. "இனிசியலோட."

சுஃபியா அங்கேயே நின்று எழுதி அனுப்பினாள். தன் பெயருக்குப் பின்னால் போடவேண்டும் என்பதை மறக்காமல் குறிப்பிட்டாள்.